இரண்டு சுவர்கள்: இடத்தையே சிற்பமாக்கும் கலை

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் புல்தரைக்குள் இறங்கிப் போகும் ஒரு கறுப்புச் சுவர் இருக்கிறது. வியட்நாம் போரில் மாண்ட, காணாமற்போன அமெரிக்கப் படையினரின் பெயர்களைத் தாங்கி நிற்கும் நினைவுச்சின்னம் அது. திறந்து வைக்கப்பட்டது 1982 நவம்பரில். அந்தச் சுவரின் கருங்கல் நம் பெங்களூரிலிருந்து போனது என்பது இங்கே முப்பது, நாற்பது வருடங்களாகக் குடியிருக்கும் தமிழர்களில் பலருக்குத் தெரியாது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 1981-இல், நியூயார்க் நகரில் ஓர் அரசு அலுவலக வளாகத்தின் முற்றத்தில் இன்னொரு சுவர் எழுந்தது. அது எஃகுச் சுவர். ரிச்சர்ட் செர்ரா என்ற சிற்பி செய்தது. பெயர் 'டில்டட் ஆர்க்'. சாய்ந்த வில் என்று சொல்லலாம்.

இரண்டிலும் உருவம் கிடையாது. தலை, கை, குதிரை, வாள் எதுவும் இல்லை. இரண்டுக்கும் பெருத்த எதிர்ப்பு. ஒன்றை 'அவமானத்தின் கறுப்புப் பிளவு' என்றார்கள். மற்றதைத் துருப்பிடித்த தகரம் என்றார்கள். இன்று கறுப்புச் சுவரைக் காண ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் போகிறார்கள். எஃகுச் சுவரையோ 1989 மார்ச் 15 அன்று இரவோடு இரவாகக் கழற்றிக் கிடங்குக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

ஒன்று ஏன் நின்றது, மற்றது ஏன் போயிற்று? அழகு, அழகின்மை என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. நம் சங்க மலர்களில் கோயிற் சிற்பங்களைப் பற்றி நல்ல கட்டுரைகள் நிறைய வந்திருக்கின்றன. உருவமே இல்லாத சிற்பத்தைப் பற்றி யாரும் எழுதியதாக நினைவில்லை. 'இதுல பார்க்க என்ன இருக்கு?' என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நியாயமான கேள்விதான் அது.

காலி வீடு

மாற்றலாகிப் போகும்போது வாடகை வீட்டைக் காலி செய்த அனுபவம் நம்மில் எல்லோருக்கும் உண்டு. லாரியில் சாமான் ஏறிய பிறகு, சாவியைக் கொடுக்குமுன் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்ப்போம். எட்டு வருடம் குடியிருந்த ஹால் திடீரென்று வேறொரு ஹாலாகத் தெரியும். பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பும். சன்னல் இவ்வளவு பக்கத்திலா இருந்தது என்று தோன்றும். பீரோ நின்ற மூலையில் நிற்கும்போது, அந்த மூலையில் இதுவரை நாம் நின்றதே இல்லை என்பது உறைக்கும். நீள அகலம் ஓர் அங்குலம்கூட மாறவில்லை. ஆனாலும் வேறு இடம்.

இடம் என்பதை நாம் கண்ணால் மட்டும் அறிவதில்லை. காலால், காதால், தோளுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியால் அறிகிறோம். பிரெஞ்சு தத்துவவாதி மெர்லோ-போந்தி இதைத்தான் விரிவாக எழுதினார்: உலகை அறிவது தலைக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு மனம் அல்ல, நடமாடும் உடல் என்று. அவருடைய 'புலனறிவின் நிகழ்வியல்' என்ற பெரிய நூல் 1962-இல் ஆங்கிலத்தில் வந்தது. அமெரிக்க இளம் சிற்பிகள் சிலர் அதை விழுந்து விழுந்து படித்தார்கள்.

அந்தத் தலைமுறையின் கலைக்கு மினிமலிசம் என்று பெயர். தமிழில் இதற்குப் பலரும் ஒப்புக்கொண்ட சொல் இன்னும் அமையவில்லை. ஆகவே அப்படியே எழுதுகிறேன். பெட்டி, தகடு, செங்கல், குழல்விளக்கு என்று பட்டறையில் கிடைக்கும் பொருளை எடுத்து, செதுக்காமல், பூசாமல், கதை சொல்லாமல் தரையிலோ சுவரிலோ வைப்பது. பீடமும் கிடையாது. பீடம் போனது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பீடத்தின் மேல் நிற்பது வேறோர் உலகத்துப் பொருள். தரையில் நிற்பது நாம் நிற்கும் அதே தரையில் நிற்கிறது. அதைச் சுற்றிப் போகிறோமா, ஒதுங்குகிறோமா, இடித்துக்கொள்கிறோமா என்பதும் அப்போது சிற்பத்தின் சங்கதி ஆகிவிடுகிறது.

டோனி ஸ்மித் 1962-இல் செய்த 'டை' நல்ல உதாரணம். எல்லாப் பக்கமும் ஆறடி உள்ள எஃகுக் கனசதுரம். அவர் அதைக் கையால் தொடக்கூட இல்லை. இரும்புப் பட்டறைக்கு டெலிபோனில் அளவு சொல்லிச் செய்து வாங்கினார். ஏன் ஆறடி? இன்னும் பெரிதாக இருந்தால் அண்ணாந்து பார்க்கும் நினைவுத்தூண் ஆகியிருக்கும். சிறிதாக இருந்தால் குனிந்து பார்க்கும் சாமான் ஆகியிருக்கும். ஆறடி என்றால் ஓர் ஆள் உயரம். எதிரே நின்றால் மேல்பக்கம் தெரியாது, பின்பக்கம் தெரியாது; ஆனால் அங்கே ஒருவர் நிற்பதுபோல் இருக்கும்.

ரயில்வேயில் பிரேக்மேனாக நான்கு வருடம் வேலை பார்த்த கார்ல் ஆந்த்ரே, உலோகத் தகடுகளைச் சதுரம் சதுரமாகத் தரையில் பரப்பி வைத்தார். அவற்றின்மேல் நடக்கலாம். 1966-இல் 120 செங்கற்களை இரண்டடுக்காக அடுக்கி வைத்த அவருடைய படைப்பை லண்டன் டேட் காட்சியகம் 1972-இல் வாங்கியது. 1976-இல் பத்திரிகைகளுக்கு விஷயம் தெரிந்து, வரிப்பணத்தில் செங்கல்லா என்று ஊரே சிரித்தது. சிரித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தனியாக அந்த ஒரு அடுக்கைப் பார்த்தால் எனக்கும் ஒன்றும் பிடிபடாது. ஆனால் ஆந்த்ரே முதலில் வைத்தது எட்டு அடுக்குகள். எட்டிலும் 120 கல்தான். நீளமும் அகலமும் மட்டும் வெவ்வேறு. ஒரே கன அளவு எட்டு விதமாக அறையின் தரையைப் பங்கு போடுவதை நடந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஒன்றைப் பிரித்து எடுத்தவுடன் பாதி போய்விட்டது.

இந்தக் கலைக்கு வந்த கூர்மையான எதிர்ப்பு மைக்கேல் ஃபிரைட் என்ற விமர்சகருடையது. 1967-இல் எழுதினார். இவை சிற்பமே அல்ல, நாடகம் என்றார். பார்வையாளர் உள்ளே வரும்வரை இவை காத்துக் கிடக்கின்றன. அவர் வந்தால்தான் ஏதோ நடக்கிறது. நல்ல கலை யார் வந்தாலும் வராவிட்டாலும் தன்னுள் முழுமையாக இருக்கும் என்பது அவர் வாதம். குற்றச்சாட்டாகச் சொன்னார். ஆனால் இந்தக் கலையை இத்தனை துல்லியமாக அதன் ஆதரவாளர்கள்கூட அப்போது விவரிக்கவில்லை. பார்ப்பவர் இல்லாமல் இது முடியாது. இந்த ஒரு வாக்கியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நியூயார்க்குக்குப் போவோம்.

முற்றத்தின் குறுக்கே

செர்ரா 1938-இல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். தகப்பனார் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். நான்கு வயதில் ஒரு கப்பலைத் தண்ணீரில் இறக்குவதைப் பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார்: கரையில் மலைபோல் அசையாமல் நின்ற பாரம், நீரில் இறங்கியதும் மிதந்து ஆடியது. படிப்புச் செலவுக்கு எஃகு ஆலைகளில் வேலை செய்தார். ஆகவே எஃகு அவருக்குக் கலைப்பொருள் ஆவதற்கு முன்பே பிழைப்பாக இருந்தது. ஆபத்தும் கூடவே இருந்தது. 1971-இல் மினியாபொலிஸில் அவருடைய சிற்பத்தின் தகடு சரிந்து ஒரு தொழிலாளி இறந்தார். இதைச் சொல்லாமல் செர்ராவைப் புகழ்வது சரியில்லை.

1970-இல் ஜப்பானில் கியோத்தோ நகரத் தோட்டங்களைச் சுற்றி வந்தார். எந்த ஓரிடத்தில் நின்றாலும் முழுத் தோட்டமும் தெரியாது. நடந்தால்தான் தோட்டம் உருவாகும். திரும்பி வந்து கனடாவில் ஒண்டாரியோ மாநிலத்தில் ஒரு வயற்காட்டில் 'ஷிஃப்ட்' என்ற படைப்பைச் செய்தார். அதை அவர் திட்டமிட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அவரும் அவருடைய தோழியான கலைஞர் ஜோன் ஜோனாஸும் மேடும் பள்ளமுமான அந்த வயலில் ஆளுக்கொரு பக்கமாக, ஒருவர் கண்ணிலிருந்து மற்றவர் மறையாமல் எவ்வளவு தூரம் விலக முடியும் என்று நடந்து பார்த்தார்கள். அந்தத் தூரம்தான் படைப்பின் எல்லை. பிறகு ஆறு கான்கிரீட் சுவர்கள். ஒவ்வொன்றின் மேல்விளிம்பும் மட்டமாக ஓட, கீழே தரை சரிந்துகொண்டே போகும். தரையோடு தரையாகத் தொடங்கும் சுவர், தரை ஐந்தடி இறங்கிய இடத்தில் ஐந்தடிச் சுவராக முடியும். நிலம் எவ்வளவு சரிகிறது என்பதைக் கால் ஏற்கெனவே உணர்ந்திருக்கும். சுவர் அதைக் கண்ணுக்கும் காட்டுகிறது. இந்தச் சுவர்களைப் பெயர்த்து வேறு வயலில் வைத்தால் என்ன ஆகும்? வெறும் கான்கிரீட் ஆகும். இப்படி ஓரிடத்துக்கென்றே பிறந்து, அந்த இடத்தோடு சேர்ந்தே பொருள் கொள்ளும் படைப்பைத்தான் இடம்சார் சிற்பம் என்கிறோம்.

1979-இல் அமெரிக்க அரசின் பொதுச்சேவை நிர்வாகம், கீழ் மன்ஹாட்டனில் உள்ள ஃபெடரல் பிளாசா முற்றத்துக்கு ஒரு சிற்பம் செய்யச் சொல்லி செர்ராவை அழைத்தது. நிபுணர் குழு அவர் பெயரைப் பரிந்துரைத்தது, அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். முற்றத்தைத் தினமும் கடக்கும் ஆயிரக்கணக்கான ஊழியர்களில் ஒருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் வந்த வினை எல்லாம் இங்கிருந்தே வந்தது என்பது என் கருத்து.

சுவரின் நீளம் 120 அடி, உயரம் 12 அடி, கனம் இரண்டரை அங்குலம். எடை 73 டன். லேசாக வளைந்து, லேசாகச் சாய்ந்து, முற்றத்தை இரண்டாக வகிர்ந்து நின்றது. கார்ட்டென் என்ற வகை எஃகு. அதன்மேல் படியும் துருவே அதற்குக் காப்பு. முதலில் செம்மஞ்சளாக இருந்து சில வருடங்களில் ஆழ்ந்த பழுப்பாக மாறும். செலவு 1,75,000 டாலர்.

நான் அதைப் பார்த்ததில்லை. படங்களும் விசாரணையின் விவரங்களுமே எனக்கு ஆதாரம். செர்ராவின் எண்ணம் தெளிவானது. அந்த முற்றம் யாரும் எதையும் கவனிக்காமல் வேகமாகக் கடந்து போகும் இடம். ஒரு கோடிபோல் நின்ற சுவர் அந்த நடையை நடப்பவனுக்கே உணர்த்தும். ஒரு பக்கம் குழிந்து வாங்கிக்கொள்ளும், மறுபக்கம் குவிந்து தள்ளும். பத்தடி நடந்தால் வளைவு மாறும், எதிர்க் கட்டடம் மறையும், வானம் நீளும். நடப்பவர்தான் பொருள், அவர் நகர்வதுதான் சிற்பம்.

ஊழியர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? சில மாதங்களிலேயே 1300 பேர் கையெழுத்திட்டு எடுக்கச் சொன்னார்கள். அந்த வளாகத்திலிருந்த சர்வதேச வர்த்தக நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி எட்வர்ட் ரே முன்னின்று எதிர்த்தார். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார இடம் போச்சு, காற்று வரவில்லை, எதிர்ப்பக்கம் தெரியவில்லை, சுவரில் கிறுக்குகிறார்கள், எலி வருகிறது என்று புகார்கள். ஒரு பாதுகாப்பு அதிகாரி, குண்டு வெடித்தால் இந்த வளைவு அதிர்வைக் கட்டடத்தின் பக்கம் திருப்பிவிடும் என்றுகூடச் சொன்னார்.

1985 மார்ச்சில் மூன்று நாள் பொது விசாரணை. சுமார் 180 பேர் பேசினார்கள். 122 பேர் சுவர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் வேண்டாம் என்றார்கள். குழுவின் தீர்ப்போ நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் வேண்டாம் என்று வந்தது. விசாரணைக்குத் தலைமை வகித்தவர் அதற்கு முன்பே சுவருக்கு எதிராக வெளிப்படையாகப் பேசியவர். இது நேர்மையான விசாரணை அல்ல. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே நேரம், பேசிய 122 பேரில் பெரும்பாலோர் கலையுலகத்தினர் என்பதையும், கையெழுத்திட்ட 1300 பேர் அன்றாடம் அந்த முற்றத்தைக் கடந்தவர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வேறு இடத்தில் வைக்கலாமே என்றபோது செர்ரா மறுத்துவிட்டார். இடம் மாற்றினால் படைப்பு அழிந்துவிடும் என்பது அவர் நிலை. பிறகு கூடிய இன்னொரு நிபுணர் குழுவும் வேறு இடம் பொருந்தாது என்றே சொன்னது. வழக்குப் போட்டார், 1987-இல் கீழ்க் கோர்ட்டிலும் 1988-இல் மேல் முறையீட்டிலும் தோற்றார். காசு கொடுத்து வாங்கிய அரசுக்கே அது சொந்தம், அரசு தன் பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிந்தது.

இதில் செர்ரா பக்கம் நியாயம் இருக்கிறது. பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காக அரசு கலையை அகற்ற ஆரம்பித்தால் எதுவும் மிஞ்சாது. இருந்தாலும், ஃபிரைட் சொன்ன அந்த வாக்கியத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். பார்ப்பவர் இல்லாமல் இந்தச் சிற்பம் முடியாது என்றால், நடப்பவரின் பாதையும் அவருடைய உடலும் இதன் பாகம் என்றால், அந்த நடப்பவருக்கு இதில் ஒரு பேச்சு இருக்கத்தானே வேண்டும்? ஓவியத்தைப் பிடிக்காதவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். இந்தச் சுவரில் அது முடியாது. சுற்றிக்கொண்டு போவதும் சிற்பத்துக்குள்ளேயே நடப்பதுதான். கோப்பு தூக்கிக்கொண்டு அலுவலகம் போகிற ஒரு குமாஸ்தாவைத் தினம் இரண்டு வேளை சிற்பத்தின் பாகமாக்கிவிட்டு, உனக்கு இதில் ஒன்றும் தெரியாது என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். தன் எதிரிகளின் கையில் வலுவான வாதத்தை எடுத்துக் கொடுத்ததே செர்ராவின் கொள்கைதான் என்று எனக்குப் படுகிறது.

அந்தக் கொள்கையிலும் அவர் எப்போதும் உறுதியாக நின்றார் என்று சொல்ல முடியாது. பாரிஸ் பொம்பிடூ மையத்துக்கென்று அவர் யோசித்த 'கிளாரா-கிளாரா' என்ற இரட்டை வளைவின் பாரத்தை அந்தத் தரை தாங்காது என்று தெரிந்ததும் 1983-இல் துய்லரி தோட்டத்தில் வைத்தார்கள். பிறகு வேறொரு பூங்காவுக்குப் போய், 2008-இல் மறுபடி துய்லரிக்கு வந்தது. அங்கெல்லாம் வராத அழிவு இங்கே மட்டும் எப்படி வந்தது என்று கேட்கலாம்.

சட்டம் பின்னால் கொஞ்சம் மாறியது. 1990-இல் அமெரிக்கா காட்சிக் கலைஞர்களின் உரிமைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் பாஸ்டன் பூங்கா ஒன்றைப் பற்றிய வழக்கில் 2006-இல் மேல் முறையீட்டு நீதிமன்றம், இடம்சார் கலையை அந்த இடத்திலேயே வைத்திருக்கும்படி இந்தச் சட்டம் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் இதற்குச் சற்றே பக்கத்தில் வரும் வழக்கு ஒன்று உண்டு. தில்லி விக்ஞான் பவனின் கூடத்தில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பம் இருந்தது. 140 அடி நீளம், 40 அடி உயரம். மினிமலிசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உருவங்கள் நிறைந்தது. 1979-இல் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது அவரிடம் சொல்லாமல் பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். பல பாகங்கள் சிதைந்து போயின. 1992-இல் வழக்கு. 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவைக் காட்டி, சிற்பத்தை அரசு விலைக்கு வாங்கியிருந்தாலும் அதைச் சிதைக்கும் உரிமை அதற்கு இல்லை என்றது. மிச்சத்தைச் சிற்பியிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. நியூயார்க்கில் கிடைக்காத நியாயம் தில்லியில் கிடைத்தது என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், பதிமூன்று வருட வாய்தாவையும் சேர்த்து.

பெங்களூர்க் கல்

வாஷிங்டன் சுவரை வடிவமைத்த மாயா லின் அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவி. 1981-இல் நடந்த திறந்த போட்டிக்கு வந்த 1400-க்கும் மேற்பட்ட திட்டங்களிலிருந்து நடுவர்கள் ஒருமனதாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் மறைத்து எண் மட்டும் போட்டு நடந்த போட்டி. இல்லையென்றால் ஒரு சீன வம்சாவளி மாணவிக்கு அது கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி.

நிலத்தை வெட்டி விரித்ததுபோல் இரண்டு கைகள், ஒவ்வொன்றும் சுமார் 75 மீட்டர். இரண்டும் 125 பாகைக் கோணத்தில் சந்திக்கின்றன. ஒரு கை வாஷிங்டன் நினைவுத்தூணை நோக்குகிறது, மற்றது லிங்கன் நினைவகத்தை. ஓரத்தில் 8 அங்குல உயரம்; நடுவில் பத்தடிக்கு மேல். ஆனால் சுவர் உயர்வதில்லை. மேல்விளிம்பு புல்தரை மட்டம்தான்; நாம் நடக்கும் பாதைதான் கீழே இறங்குகிறது. கனடா வயலில் செர்ரா செய்தது போலத்தான் இதுவும்.

நான் 2011-இல் மகளைப் பார்க்கப் போனபோது மனைவியோடு அங்கே போனேன். ஓரத்தில் நுழையும்போது கல் கணுக்கால் உயரம், ஒரே வரியில் ஒன்றிரண்டு பெயர். பத்தடி போனால் முழங்கால், அப்புறம் இடுப்பு. பெயர்கள் வரி வரியாகக் கூடிக்கொண்டே போகின்றன. இறங்குகிறோம் என்பதை நாங்கள் கவனிக்கவே இல்லை. தெருவின் கார்ச் சத்தம் குறைந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தோம். நடுக்கோணத்துக்கு வந்தபோது பெயர்கள் தலைக்கு மேலே போய்விட்டன. எங்கள் முகம் கல்லில் தெரிந்தது, அந்தப் பெயர்களுக்கு நடுவே. ஒரு பெரியவர் பெயர் ஒன்றின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்துக்கொண்டிருந்தார். மனைவி மெல்லக் கேட்டாள்: "என்னங்க, இது நம்ம ஊருக் கல்லுன்னு இங்க சொன்னா யாராவது நம்புவாங்களா?"

கல் அங்கே போன கதையும் சுவையானது. சுவீடனிலும் கனடாவிலும் நல்ல கருங்கல் உண்டு. ஆனால் வியட்நாம் போருக்குப் போக மறுத்து ஓடிய அமெரிக்க இளைஞர்கள் தஞ்சம் புகுந்த நாடுகள் அவை. போர் வீரர்களின் நினைவுச்சின்னத்துக்கு அந்த நாட்டுக் கல்லா? ஆகவே பெங்களூர். இங்கிருந்து போன பாளங்களை வெர்மான்ட் மாநிலத்தில் அறுத்துப் பளபளப்பாக்கி, டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸில் மணலை வேகமாகப் பீச்சி எழுத்துப் பொறித்தார்கள். கல் வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும், கறுப்பு கிரானைட் மெருகேற்றினால்தான் கறுப்பு. மெருகு போன இடம் சாம்பல். அதனால் எழுத்துக்கு வர்ணமே வேண்டாம். மெருகு உடைந்த இடமே பெயர். கண்ணாடி போன்ற அந்த மெருகுதான் பார்ப்பவரைச் சுவருக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறது. வெள்ளைப் பளிங்கில் இது நடக்காது.

பெயர்கள் அகர வரிசையில் இல்லை, இறந்த நாள் வரிசையில் இருக்கின்றன. 1959-இல் நடுக்கோணத்தில் தொடங்கி, வலது கையில் ஓடி முடிந்து, இடது கையின் ஓரத்தில் மறுபடி தொடங்கி, 1975-இல் அதே நடுக்கோணத்தில் வந்து முடிகின்றன. முதல் சாவும் கடைசிச் சாவும் பக்கத்தில் பக்கத்தில். மகனின் பெயரைத் தேடி வரும் தாய் அவன் இறந்த காலத்தின் இடத்துக்கு நடந்தே போக வேண்டும். அவனோடு அந்த வாரத்தில் மாண்டவர்கள் அவனைச் சுற்றி இருப்பார்கள். தேதி இங்கே தூரமாக மாறியிருக்கிறது. டெலிபோன் டைரக்டரி போல் அடுக்கியிருந்தால் ஒரே பெயர்கொண்ட பல பேரில் எவன் தன் மகன் என்றே தெரிந்திருக்காது.

எதிர்த்தவர்கள் வீரர்களின் சிலையும் கொடிக்கம்பமும் கேட்டார்கள். முதலில் கேட்ட இடம் சுவரின் நடுக்கோணம். அங்கே வைத்திருந்தால் சுவர் சிலைக்குப் பின்னால் நிற்கும் திரையாகிப் போயிருக்கும். நடந்து இறங்குவதற்கு ஒரு முடிவு, ஒரு பொம்மை, கிடைத்திருக்கும். நுண்கலை ஆணையம் சிலைக்கு அனுமதி தந்து, தள்ளி நுழைவாயில் பக்கம் வைக்கச் சொன்னது. ஃபிரெடெரிக் ஹார்ட் செய்த மூன்று வீரர் சிலை 1984-இல் அங்கே வந்தது. இரண்டும் இன்று ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருக்கின்றன. சில நூறு அடி தூரம் ஒரு பெரிய சண்டையைத் தீர்த்த கதை இது.

இந்தச் சுவரும் பார்ப்பவர் இல்லாமல் முடியாததுதான். ஆனால் இங்கே வருபவர் தேடிக்கொண்டு வருகிறார். நடக்கச் சொல்லும்போது எங்கே, யாரிடம் என்று அவருக்குத் தெரியும். ஃபெடரல் பிளாசாவில் நடந்தவர் சம்பளத்துக்காக நடந்தார். எஃகையும் கல்லையும் எவ்வளவு ஒப்பிட்டாலும் இந்த வித்தியாசம் அதில் கிடைக்காது. பெயர்கள் இருப்பதால்தான் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் பெயர்ப் பட்டியல் எத்தனையோ ஊரில் எத்தனையோ தூணில் இருக்கிறது. அங்கெல்லாம் யாரும் கல்லைத் தொட்டுக்கொண்டு அரைமணி நேரம் நிற்பதில்லை.

பாலைவனத்தில் நான்கு தகடுகள்

செர்ரா பின்னாளில் கண்டுபிடித்த வடிவம், தேடி வருபவர்களுக்கானது. ரோமாபுரியில் பொரோமினி கட்டிய சிறிய தேவாலயம் ஒன்றின் நீள்வட்டக் கூடத்தில் நின்றபோது அவருக்கு ஒரு யோசனை. தரையில் ஒரு நீள்வட்டம், தலைக்கு மேல் அதே அளவில் இன்னொரு நீள்வட்டம். ஆனால் மேலே உள்ளதைக் கொஞ்சம் திருப்பி வைத்து இரண்டையும் ஒரே சுவரால் இணைத்தால்? அப்படி ஒரு வடிவத்தை எஃகில் வளைக்க முதலில் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் மேரிலாந்தில் ஒரு கப்பல் தளத்தின் பழைய யந்திரம் கைகொடுத்தது. 1997-இல் நியூயார்க்கில் காட்டினார். 2005-இல் ஸ்பெயினின் பில்பாவோ நகர குகன்ஹைம் அருங்காட்சியகத்தில், 130 மீட்டர் நீளக் கூடம் ஒன்றில், இந்த வகையில் ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட எஃகு நிரந்தரமாக நிற்கிறது. உள்ளே நடந்தால் சுவர் ஒரு பக்கம் மேலே கவியும், மறுபக்கம் விலகும். தரை மட்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் கால் நம்பாது. தரை பொய் சொல்கிறதா, சுவர் பொய் சொல்கிறதா என்று உடம்பு குழம்பும்.

செர்ரா 2024 மார்ச்சில் காலமானார். அவருடைய பெரிய படைப்புகளில் நம்மவர்களுக்கு எளிதில் எட்டக்கூடியது நியூயார்க்கிலும் இல்லை, ஸ்பெயினிலும் இல்லை, கத்தாரில் இருக்கிறது. நம் சங்கக் குடும்பங்களில் பாதிக்கு தோகாவில் மகனோ மருமகனோ உண்டு. தோகா கடற்கரையில் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தின் பூங்காவில் 'ஏழு' என்ற உயர்ந்த எஃகுக் கோபுரம், 2011-இல் நிறுவியது. அதைவிட முக்கியமானது நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போல் தள்ளி, சிக்ரித் பக்கம் புரூக் பாலைநிலத்தில் 2014-இல் நிறுத்திய நான்கு தகடுகள். ஒரு கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தில், கிழக்கு மேற்காக, ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றன. இரண்டின் உயரம் 14.7 மீட்டர், இரண்டு 16.7 மீட்டர். உயரம் வேறானாலும் நான்கின் உச்சியும் ஒரே மட்டம். இருபுறமும் உள்ள மேடுகளின் உச்சியும் அதே மட்டம். மரமோ வீடோ இல்லாத வெட்டவெளியில் எது பக்கம், எது தூரம் என்று கண்ணுக்குப் பிடி கிடைக்காது. முதல் தகட்டிலிருந்து அடுத்ததற்கு நடந்தால்தான் தெரியும்.

போகிறவர்கள் வெயில் தாழ்ந்தபின் போங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல வண்டியாக இருக்கட்டும், கடைசிப் பகுதி மண் பாதை. குழந்தைகளைக் கூட்டிப் போனால் ஒருவரை முதல் தகட்டடியில் நிறுத்திவிட்டு மற்றவர்கள் மூன்றாவது வரைக்கும் நடந்து, திரும்பிப் பாருங்கள். அங்கே நிற்கும் பிள்ளை எவ்வளவு சிறிதாகத் தெரிகிறான் என்று பார்த்த பிறகு, அவனை நோக்கித் திரும்பி நடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் பாருங்கள்.